மூலக்கூறுகளில் குவாண்டம் ஒத்திசைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லித் தருகிறேன். குவாண்டம் என்ற பேச்சு எழுந்துவிட்டால் போதும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள். இலை, கண், பறவை, ஸ்கேன், கடையில் விற்கும் வளையல் என்று கேள்விகள் எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

1. அக்கா, முதல்ல இந்த ஒத்திசைவுன்னா என்ன? கணக்கு இல்லாம சொல்லுங்க.

ஒரு மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளின் கலவையாக இருக்க முடியும். இதை மேற்பொருந்துதல் என்கிறோம். ஒவ்வொரு நிலையும் அலைபோல ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் கட்டம். இரண்டு நிலைகளின் கட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் குழம்பாமல் இருக்கும்வரை அங்கே ஒத்திசைவு இருக்கிறது.

பொங்கலுக்கு மண்டபத்தில் கும்மி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒன்றாகத் தட்டும்போது கணீரென்று ஒரே ஓசை எழும். ஒருத்தி கொஞ்சம் முந்தி, இன்னொருத்தி கொஞ்சம் பிந்தித் தட்ட ஆரம்பித்தால், யாரும் கை ஓயவில்லை, ஆனால் தாளம் போய்விட்டது. ஒத்திசைவு கலைவதும் இப்படித்தான். ஆற்றல் அப்படியே இருக்கலாம், மூலக்கூறும் அப்படியே இருக்கலாம். கட்டங்களுக்கு இடையே இருந்த உறவு மட்டும் கலைந்துபோகிறது. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேள்வி 4-இல் தேவைப்படும்.

2. ஏதாவது ஒரு மூலக்கூறைக் காட்டி, இதுதான் அதுன்னு சொல்ல முடியுமா?

முடியும். எனக்குப் பிடித்தது அம்மோனியா. மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு தட்டையான முக்கோணம் போல நிற்க, நைட்ரஜன் அணு அந்தத் தளத்துக்கு மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும். மேலே இருக்கும் மூலக்கூறைத் தனியாக விட்டால், நைட்ரஜன் ஊடுருவிக் கீழே போகும், மறுபடி மேலே வரும். வினாடிக்கு சுமார் 2,400 கோடி முறை இது நடக்கும். மேல், கீழ் என்ற இரண்டு நிலைகளின் மேற்பொருந்துதல்தான் இந்த ஊசலாட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டவுன்சும் அவர் குழுவும் 1954-இல் இயக்கிக் காட்டிய முதல் மேசர் இந்த அதிர்வெண்ணில்தான் வேலை செய்தது. லேசருக்கு அதுதான் முன்னோடி.

இதே அம்மோனியா வாயுவை அழுத்திக்கொண்டே போனால் மூலக்கூறுகள் அடிக்கடி மோதிக்கொள்ளும். ஏறக்குறைய 2 வளிமண்டல அழுத்தம் வரும்போது அந்த ஊசலாட்ட அதிர்வெண் சுருங்கிச் சுழியத்துக்கு வந்துவிடுகிறது. மூலக்கூறு மாறவில்லை. பக்கத்தில் இருப்பவை இடித்துக்கொண்டே இருப்பதால் ஊசலாட முடியவில்லை, அவ்வளவுதான். கேள்வி 15-க்கு இந்த அம்மோனியா மறுபடி வரும்.

3. பென்சீன் ரெண்டு வடிவத்துக்கும் மாறி மாறிப் போகுதுன்னு எங்க சார் சொன்னாரே, அதுவும் இதேதானா?

பென்சீன் எங்கேயும் மாறி மாறிப் போவதில்லை. ஆற்றல் மிகக் குறைந்த அடித்தள நிலையில் அதன் ஆறு கார்பன் பிணைப்புகளும் எப்போதும் ஒரே நீளம்தான், சுமார் 1.4 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப் பிணைப்பையும் இரட்டைப் பிணைப்பையும் இடம் மாற்றி நாம் வரையும் இரண்டு படங்களும் அந்த ஒரே நிலையைக் காகிதத்தில் காட்ட எடுத்துக்கொண்ட வழி. காலத்தோடு ஊசலாட வேண்டுமானால் ஆற்றல் வேறுபட்ட இரண்டு நிலைகளாவது கலந்திருக்க வேண்டும். அம்மோனியாவில் அது இருந்தது, இங்கே இல்லை.

4. மூலக்கூறுல இது எவ்வளவு நேரம் தாங்கும்?

எந்த ஒத்திசைவு என்பதைப் பொறுத்தது. மூலக்கூறுகளில் பேசப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை: எலக்ட்ரான் நிலைகளுக்கு இடையே, அணுக்களின் அதிர்வுகளுக்கு இடையே, ஸ்பின் நிலைகளுக்கு இடையே. ஸ்பின் என்பது எலக்ட்ரானையும் அணுக்கருவையும் குட்டிக் காந்தம்போல நடக்கவைக்கும் குணம். அறை வெப்பத்தில், திரவத்திலோ புரதத்திலோ, எலக்ட்ரான் ஒத்திசைவு பத்துக் கணக்கான ஃபெம்டோநொடியில் போய்விடும். மிஞ்சிப்போனால் நூறு சொச்சம். அதிர்வுகள் பிக்கோநொடிவரை, அதாவது ஆயிரம் ஃபெம்டோநொடிவரை, நிற்கும். ஸ்பின் மைக்ரோநொடி, மில்லிநொடி, சிலசமயம் வினாடிகூட நிற்கும். ஒரு ஃபெம்டோநொடி என்பது வினாடியில் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது, அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஒளியே அதற்குள் 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். தலைமயிரின் தடிமனைக் கடக்க அதற்கே சுமார் 300 ஃபெம்டோநொடி வேண்டும்.

ஆற்றல் தங்கும் நேரம் வேறு, ஒத்திசைவு தங்கும் நேரம் வேறு. வீட்டிலேயே இதற்கு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கீரை இலைகளை நசுக்கி, நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். கடையில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், அதன் சாயம் கெடுத்துவிடும். இருட்டறையில், ரூபாய் நோட்டு சரிபார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். பச்சைத் திரவம் ரத்தச் சிவப்பாக ஒளிரும். லோட் ஷெடிங் நேரத்தில் மெழுகுவர்த்தி பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

அந்தச் சிவப்பு ஒளியை உமிழுமுன் பச்சையம் தன் ஆற்றலைச் சராசரியாகச் சில நானோநொடி, அதாவது பல லட்சம் ஃபெம்டோநொடி, வைத்திருக்கிறது. ஆனால் ஒளி பட்ட கணத்தில் இருந்த எலக்ட்ரான் கட்ட உறவு நூறு ஃபெம்டோநொடி சுமாரில் கலைந்துவிட்டது. கண்ணுக்கு ஒளி வந்து சேரும்போது ஒத்திசைவு போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

5. இவ்வளவு குட்டி நேரத்தை எந்தக் கடிகாரத்தால அளக்கிறாங்க?

லேசர் துடிப்புகளால். முதல் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பிவிடும், இரண்டாவது துடிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து அது எங்கே போயிருக்கிறது என்று பார்க்கும். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நடந்தது முழுவதும் தெரியும். எகிப்தில் பிறந்த அகமது செவைல் கலிபோர்னியாவில் 1980களில் இப்படித்தான் சோடியம் அயோடைடைப் பார்த்தார். இரண்டு அணுக்களும் விலகிப்போய்த் திரும்பி வருவது சுமார் 1.25 பிக்கோநொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சமிக்ஞையாகத் தெரிந்தது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளும் ஒரே கட்டத்தில் கிளம்பியதால்தான் அந்த ஏற்ற இறக்கம் தெரிந்தது. 1999-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

6. சரி, அதை யார் கலைக்கிறா?

சுற்றி இருக்கும் எல்லாமே. கரைப்பான் மூலக்கூறுகள், புரதத்தின் நெளிவு, வெப்பக் கதிர்வீச்சு. இவை ஒவ்வொன்றும் மூலக்கூறு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியைத் தெரியாமலே எடுத்துக்கொண்டு போகின்றன. செய்தி வெளியே போனால் கட்ட உறவும் போகும்.

வியன்னாவில் 1999-இல் ஆண்டன் செய்லிங்கர், மார்கஸ் ஆர்ன்ட் குழுவினர் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனை அடுப்பில் ஆவியாக்கி, மெல்லிய கம்பித்தடுப்பு வழியாக அனுப்பினார்கள். அலைகள் ஒன்றோடொன்று கூடியும் அழிந்தும் வருவதுபோலக் குறுக்கீட்டுப் பட்டைகள் விழுந்தன. மூலக்கூறின் உள்ளே அத்தனை சூடு இருந்தும் எந்த இடைவெளி வழியாக வந்தது என்பதை அது வெளியே சொல்லவில்லை. பிறகு அதன் அண்ணன் போன்ற 70 கார்பன் மூலக்கூறை லேசரால் இன்னும் கடுமையாகச் சூடாக்கியபோது, அது தானே ஒளியை உமிழ ஆரம்பித்தது. பட்டைகள் மங்கி மறைந்தன. இந்தத் துறையிலேயே மிக அழகான சோதனை இது என்பது என் எண்ணம். 2019-இல் 2,000 அணுக்கள்வரை கொண்ட மூலக்கூறுகளிலும் குறுக்கீட்டைக் காட்டிவிட்டார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. சுற்றுப்புறத்தோடு உறவாடும் குவாண்டம் அமைப்புகளின் கோட்பாட்டில் உலகறிந்த ஃபிரான்செஸ்கோ பெட்ருச்சியோனே, டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆய்வுக் குழு நடத்தினார்.

7. எனக்கு முழங்காலில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதில் குவாண்டம் ஏதாவது உண்டா அம்மா?

உண்டு தாத்தா, நல்லாவே உண்டு. உங்கள் முழங்காலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் ஸ்பின்னை, ரேடியோ துடிப்பு ஒன்று மேல், கீழ் நிலைகளின் மேற்பொருந்துதலில் வைக்கிறது. எல்லாம் ஒரே கட்டத்தில் சுழலும்போது வரும் சமிக்ஞையைத்தான் அந்த இயந்திரம் கேட்கிறது. ஒவ்வொரு திசுவிலும் அது கலையும் வேகம் வேறு, பொதுவாகப் பத்துக் கணக்கான மில்லிநொடி. அந்த வித்தியாசம்தான் படத்தில் கருப்பு வெள்ளையாகத் தெரிவதில் ஒரு பெரிய பங்கு. உடல் சூட்டிலேயே இது நடக்கிறது. காரணம், அணுக்கருவின் ஸ்பின் சுற்றியுள்ளவற்றோடு மிக மிகக் குறைவாகவே ஒட்டும்.

எலக்ட்ரான் ஸ்பின்னுக்கும் நல்ல இடங்கள் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் லூப்சரும் வான் வைக்கும் 1970களில் ஆராய்ந்த, வைரத்தில் நைட்ரஜனும் காலியிடமும் அடுத்தடுத்து இருக்கும் குறைபாடு, இன்று அறை வெப்பத்தில் மில்லிநொடிக் கணக்கில் ஒத்திசைவு காட்டும் ஆய்வுப் பொருளாகிவிட்டது. வைரம் மூலக்கூறு இல்லைதான், ஆனாலும் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

8. நம்ம கரும்பு இலை குவாண்டம் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யுதுன்னு வீடியோல பார்த்தேன். உண்மையா?

இப்போதைய சான்றுகளின்படி இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் கெட்டிக்கார ஆய்வாளர்கள் நேர்மையாகச் செய்த வேலை அது. 2007-இல் பெர்க்லியில் கிரஹாம் ஃப்ளெமிங் குழு, பசும் கந்தக பாக்டீரியாவின் ஒரு பச்சையப் புரதத்தை மைனஸ் 196 டிகிரியில் வைத்து லேசர் துடிப்புகளால் சோதித்தது. சமிக்ஞை 660 ஃபெம்டோநொடிக்கும் மேல் ஏறி இறங்கியது. எலக்ட்ரான் ஒத்திசைவு இவ்வளவு நேரம் நிற்கிறது, ஆற்றல் பல வழிகளையும் ஒரே நேரத்தில் அலசிப் பார்க்கிறது என்று அதை விளக்கினார்கள். 2010-இல் டொராண்டோவில் கிரெக் ஷோல்ஸ் குழு கடல் பாசியின் புரதத்தில் அறை வெப்பத்திலேயே 400 ஃபெம்டோநொடி சுமாருக்கு அப்படி ஒன்றைக் கண்டது. உலகமே பரபரத்தது.

பிறகு சந்தேகம் எழுந்தது. கேள்வி 4-இல் சொன்ன மூன்று வகைகளில், அந்த ஏற்ற இறக்கம் எந்த வகை? எலக்ட்ரானா, அதிர்வா? இரண்டும் வரைபடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். 2017-இல் ஹாம்பர்கில் டுவைன் மில்லர், மைக்கேல் தார்வார்ட் குழுவினர் அதே பாக்டீரியப் புரதத்தை அறை வெப்பத்தில் அளந்து, எலக்ட்ரான் ஒத்திசைவு 60 ஃபெம்டோநொடி சுமாரில் போய்விடுகிறது என்றார்கள். ஆற்றல் இடம் மாறவோ பிக்கோநொடிகள் ஆகின்றன. 2020-இல் இந்தத் துறையின் பலர் சேர்ந்து எழுதிய மறுபார்வை, நீண்ட நேரம் தெரிந்த ஊசலாட்டம் அணு அதிர்வுகளால் வந்தது என்று முடித்தது.

அதனால் யார் எந்த மூலக்கூறைப் பற்றிச் சொன்னாலும் நான் மூன்று விஷயம் கேட்பேன்: எதற்கும் எதற்கும் இடையே ஒத்திசைவு, எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது. கரும்பைப் பொறுத்தவரை அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் சேர்மமாகப் பிடித்துவைக்கும் வழி 1960களில் கரும்பிலிருந்துதான் வெளிப்பட்டது. அது குவாண்டம் தந்திரம் இல்லை, அருமையான உயிர்வேதியியல்.

9. அப்போ சுத்தி இருக்கிறதோட தொந்தரவு, அதான் இரைச்சல், எப்பவும் கெடுதல்தானா?

அதுதான் ஆச்சரியம், இல்லை. 2008-இல் மார்ட்டின் பிளெனியோ, சூசானா ஹுவெல்கா இருவரும், ஆலன் அஸ்புரு-குசிக் குழுவினரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முழு ஒத்திசைவோடு இருந்தால் அலைகள் ஒன்றையொன்று அழித்து, ஆற்றல் ஓரிடத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். அளவோடு இரைச்சல் இருந்தால் அந்தச் சிக்கல் அவிழ்ந்து ஆற்றல் நகரும். அளவு மிஞ்சினால் மறுபடி நின்றுவிடும்.

10. கண்ணுலயும் இது இருக்குன்னு சொல்றாங்களே?

கேள்வி 8-இன் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விழித்திரையில் ரோடாப்சின் என்ற புரதத்துக்குள் ரெட்டினல் மூலக்கூறு இருக்கிறது. ஒளி பட்டதும் அதன் வளைந்த வால் நிமிர்கிறது. 1990களில் பெர்க்லியில் அளந்தபோது இது 200 ஃபெம்டோநொடியில் முடிந்துவிடுவதும், புதிதாக உருவான மூலக்கூறு இன்னும் தாளம் தவறாமல் அதிர்ந்துகொண்டிருப்பதும் தெரிந்தது. அதாவது அதிர்வு ஒத்திசைவு கலையுமுன் வேலையே முடிந்துவிட்டது. உள்வாங்கும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வெற்றிகரமாக வாலை நிமிர்த்துகின்றன. ஒளிவேதியியலில் இது மிக நல்ல திறன். மூலக்கூறு வேதியியலில் ஒத்திசைவுக்கு எனக்குத் தெரிந்த உறுதியான உதாரணங்களில் இது ஒன்று.

11. ஆனா சூரிய ஒளி லேசர் துடிப்பு இல்லையே அக்கா? அப்புறம் எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதினொன்றாம் வகுப்புப் பெண். டொராண்டோவில் பால் ப்ரூமர் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் அதே ஆட்சேபம். லேசர் துடிப்பு எல்லா மூலக்கூறுகளையும் ஒரே கணத்தில் தட்டி எழுப்புகிறது, அதனால் ஊசலாட்டம் தெரிகிறது. சூரிய ஒளிக்கு அப்படி ஒரு தொடக்கக் கணம் கிடையாது; கட்டம் தாறுமாறாக, இடைவிடாமல் வருகிறது. சோதனைச்சாலையில் பார்க்கும் ஊசலாட்டம் அப்படியே வெயிலில் நிற்கும் இலையிலும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மூலக்கூறின் இயல்பை அறிய அந்தச் சோதனை உதவும், அவ்வளவுதான்.

ஆனால் காலத்தோடு ஊசலாடாத ஒத்திசைவும் உண்டு. ஊதா பாக்டீரியாவின் ஒளி சேகரிக்கும் புரதத்தில் 18 பச்சைய மூலக்கூறுகள் வளையமாக நெருங்கி நிற்கின்றன. அதன் அமைப்பு 1995-இல் வெளியானது. அங்கே கிளர்ச்சி, அதாவது ஒளியிலிருந்து வாங்கிய ஆற்றல், ஒரே மூலக்கூறில் உட்காராமல் பலவற்றின்மேல் பரவி நிற்கிறது. வெயிலிலும் இது அழியாது, ஆற்றல் கடத்தலை வேகப்படுத்தவும் செய்கிறது.

12. மவுண்ட் மோர்லாண்டுக்கு வருஷா வருஷம் வர்ற குருவிங்க குவாண்டம் திசைகாட்டியாலதான் வழி கண்டுபிடிக்குதா?

விமான நிலையத்துப் பக்கம் நாணல் சதுப்பில் கோடைகாலத்தில் லட்சக்கணக்கில் வந்து அடையும் தகைவிலான்கள் ஐரோப்பாவிலிருந்து வருபவை. திசை அறியும் சோதனைகள் பெரும்பாலும் நடந்தது ஐரோப்பிய ராபினில், அதனால் தகைவிலானைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். ராபின் கதை வலுவானது. 1978-இல் கிளவுஸ் ஷுல்டன் ஒரு யோசனை சொன்னார்: ஒளி பட்டு ஒரு மூலக்கூறில் இரண்டு தனி எலக்ட்ரான்கள் பிரியும்போது, அவற்றின் ஸ்பின்கள் ஒத்திசைவோடு மாறுகின்றன, பூமியின் மெல்லிய காந்தப்புலம் அந்த மாற்றத்தைத் திருப்பி, வேதிவினையின் விளைவை மாற்றலாம். 2000-இல் அவரும் தோர்ஸ்டன் ரிட்சும் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் புரதத்தைச் சுட்டிக்காட்டினார்கள்.

2014-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில், நகரத்து மின்காந்த இரைச்சலே ராபின்களின் திசையறிவைக் குலைக்கிறது என்றும், அதைத் தடுத்தால் திசையறிவு திரும்புகிறது என்றும் கண்டார்கள். 2021-இல் ராபினின் கிரிப்டோகுரோம் 4 சோதனைக் குழாயில் காந்தப்புலத்துக்கு மசிவதைக் காட்டினார்கள். உயிருள்ள பறவையின் கண்ணுக்குள் இதே நடக்கிறது என்று நேரடியாகக் காட்டுவது இன்னும் பாக்கி. இது ஸ்பின் வகை, மைக்ரோநொடி நிற்கக்கூடியது. அதனால் கேள்வி 8-இன் எலக்ட்ரான் கதை சரிந்ததை வைத்து இதையும் தள்ளிவிடக் கூடாது.

13. கண்ணு, குவாண்டம் வளையல்னு ஒருத்தன் எண்ணூறு ராண்டுக்கு வித்தான். தண்ணியில போட்டுக் குடிச்சா மூட்டுவலி போகுமாம்.

வாங்காதீங்க பாட்டி. தண்ணீர் மூலக்கூறுகளின் பிணைப்பு வலை தன் அதிர்வு நினைவை 50 ஃபெம்டோநொடிக்குள் இழந்துவிடுகிறது என்று 2005-இல் அளந்தே காட்டிவிட்டார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அங்கே எந்தக் குவாண்டம் பதிவும் இருக்காது. வலி இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். முதியவர்களின் பென்ஷன் பணத்தை இந்தச் சொல்லைக் காட்டிப் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

14. ஒத்திசைவும் பின்னிப் பிணைதலும் ஒண்ணுதானா?

இல்லை. ஒத்திசைவு ஒரே பொருளிலும் இருக்கலாம், அம்மோனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னிப் பிணைதலுக்கு இரண்டு பகுதிகளாவது வேண்டும், ஒன்றைத் தனியாக விவரிக்கவே முடியாதபடி. கேள்வி 12-இன் இரண்டு எலக்ட்ரான்கள் பிறக்கும்போதே அப்படிப் பிணைந்தவை. பிணைந்த நிலையில் ஒத்திசைவு நிச்சயம் இருக்கும், ஆனால் ஒத்திசைவு உள்ள இடமெல்லாம் பிணைப்பு இருக்கும் என்றில்லை.

15. அம்மோனியா ரெண்டு பக்கமும் போகுதுன்னா, சர்க்கரை மட்டும் ஏன் எப்பவும் ஒரே கை வடிவத்துலயே இருக்கு?

இது ஃப்ரீட்ரிக் ஹுண்ட் 1927-இல் எழுப்பிய கேள்வி, தொகுப்பிலேயே கடினமானதும் இதுதான். வலக்கைக்கு இடக்கை போலச் சர்க்கரைக்கு உள்ள கண்ணாடிப் பிம்ப வடிவமும் ஆற்றலில் ஒன்றுதான் என்பதால், கணக்குப்படி இரண்டின் சமக் கலவைதான் நிலையான நிலையாக இருக்க வேண்டும். ஹுண்ட் சொன்ன பதில், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊடுருவ ஆகும் காலம். அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன் மெல்லிய தடையைத் தாண்டினால் போதும். சர்க்கரையில் கனமான அணுக்கள் உயரமான தடையைத் தாண்ட வேண்டும். அதற்கான காலம் பிரபஞ்சத்தின் வயதையும் மிஞ்சிவிடும்.

அது பாதிப் பதில்தான். கலவையாக இருக்கும் மூலக்கூறுகளை ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு மீதிப் பதில் கேள்வி 2-இன் அழுத்தப்பட்ட அம்மோனியாவில் இருக்கிறது. காற்றோ கரைப்பானோ இடிக்கும் ஒவ்வொரு முறையும் இது இடக்கையா வலக்கையா என்ற செய்தி வெளியே போய்விடுகிறது. அந்த மோதல் ஊடுருவலைவிடப் பல மடங்கு அடிக்கடி நடப்பதால், மூலக்கூறு ஏதோ ஒரு கை வடிவத்தில் பூட்டப்பட்டுவிடுகிறது. இயற்கைச் சர்க்கரை ஏன் குறிப்பாக வலக்கை என்பது மட்டும் இதில் அடங்காது. அது உயிரின் தோற்றத்தைப் பற்றிய தனிக் கேள்வி.

16. எங்க பொண்ணு இதைப் படிக்கணும்னா மேட்ரிக்ல என்ன பாடம் எடுக்கணும்?

பிசிக்கல் சயின்சஸ் கட்டாயம். கணக்கில் மேத்ஸ் லிட்டரசி எடுத்துவிடாமல் முழு மேதமேட்டிக்ஸ் எடுக்க வைத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் மாற்றிக்கொண்டு பிறகு இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இடம் கிடைக்காமல் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நேரியல் இயற்கணிதத்தையும் சிக்கலெண்களையும் முதல் இரண்டு வருடத்தில் ஊன்றிப் படித்துவிட்டால், கட்டம் என்று இந்தப் பக்கம் முழுவதும் சொன்னதை அவளே எண்ணால் எழுதிவிடுவாள். வேதியியல் வழியாகவும் வரலாம், இயற்பியல் வழியாகவும் வரலாம். ஆசை எதில் அதிகமோ அதில் சேர்த்துவிடுங்கள்.